ஸ்லோ என்று ஒதுக்குவதற்கு முன், இரண்டு கோரும் ஓடுகிறதா என்று பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலைக்கு லெப்டொப் தந்தவர்கள், தர நினைப்பவர்கள், பெற்றோர் எல்லோரும் வாசித்தால் நல்லது.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பழைய மெஷின்களை ஏற்பதில்லை. 2022இல் டொலர் ஏறியதிலிருந்து புது லெப்டொப் நம்மில் பலருக்கு எட்டாத விலை. அதனால்தான் வெளிநாட்டுச் சகோதரர்கள் அனுப்பும் பழைய லெப்டொப்களில் லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். காசும் மிச்சம், களவு விண்டோஸ் பாவிக்கும் பாவமும் இல்லை.

ஆனால் கொஞ்ச நாளில், "சேர், லினக்ஸ் சரியான ஸ்லோ, இரும்புக் கடைக்குத்தான் சரி" என்ற பேச்சு வந்துவிடுகிறது. இந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு என்பதுதான் எங்கள் கருத்து.

கோர் 2 டுவோ மாதிரியான மெஷின்களுக்குள் இரண்டு கோர் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை. பல மெஷின்களில் ஒருவர்தான் வேலை செய்கிறார், மற்றவர் தூங்குகிறார். காரணம் லினக்ஸ் அல்ல, அதைப் போட்ட விதம்.

அந்த லெப்டொப்பைச் செய்த கம்பனி லினக்ஸுக்கென்று எதையும் சோதித்துத் தந்திருக்காது. சில மெஷின்கள் முதல் தடவை ஓன் ஆகாமல் நின்றுவிடும். அப்போது யாராவது யூடியூப் பார்த்து "ஏ.சி.பி.ஐ. ஓஃப்" என்ற சொல்லைத் தொடக்க வரியில் சேர்த்துவிடுவார்கள். மெஷின் எழும்பிவிடும், எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் எத்தனை கோர் இருக்கிறது என்ற பட்டியலை லினக்ஸ் அந்த ஏ.சி.பி.ஐ. வழியாகத்தான் வாசிக்கிறது. அதை மூடினால் பெரும்பாலும் ஒரு கோர்தான் தெரியும். பெட்டரி அளவும் சரியாகக் காட்டாது. "மெக்ஸ் சிபியூஸ் 1", "நோ எஸ்எம்பி" என்ற சொற்கள் இருந்தாலும் ஒரு கோர்தான்.

பார்ப்பது லேசு. சிஸ்டம் மொனிட்டரைத் திறந்தால் சிபியூ 1, சிபியூ 2 என்று இரண்டு கோடு ஓட வேண்டும். ஒன்றுதான் இருந்தால், முதலில் பயோஸில் "மல்டி கோர்" என்ற அமைப்பு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஓன் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் 'ஈ' எழுத்தை அழுத்தி, அந்தச் சொல்லை மட்டும் அழித்து, எஃப் 10 அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். மெஷின் நின்றுவிட்டால் திரும்ப ஓன் பண்ணினால் பழையபடி வரும், ஒன்றும் பழுதாகாது. நன்றாக ஓடினால் க்ரப் கோப்பில் அந்தச் சொல்லை அழித்து, க்ரப்பை அப்டேட் பண்ணி நிரந்தரமாக்கலாம். நின்றுவிட்டால் கோளாறு எதில் என்று தேட வேண்டும். திரைதான் பிரச்சினை என்றால் "நோ மோட் செட்" போதும், முழு ஏ.சி.பி.ஐ.யையும் மூடத் தேவையில்லை.

இரண்டு கோரும் ஓடினால் வேகம் இரட்டிப்பாகும் என்று நாங்கள் சொல்லவில்லை. ரேம் குறைவென்றால் அதையும் கூட்ட வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் இன்னும் நல்லது. ஆனால் பிரவுசரில் பாட வீடியோ ஓடும்போதே லிப்ரே ஒஃபிஸில் எழுதும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியும்.

"பரீட்சைக்கு விண்டோஸ்தானே தேவை?" என்று சிலர் கேட்கிறார்கள். ஓ.எல். ஐசிடி பாடத்தில் பிள்ளை படிப்பது சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், முன்வைப்பு, தரவுத்தளம். இவை எல்லாவற்றையும் லினக்ஸில் செய்யலாம். வீட்டில் கொம்பியூட்டரே இல்லாத பிள்ளைக்குப் பாடசாலையில் தொடக் கிடைக்கும் மெஷின்தான் ஒரே பயிற்சி. அதை இரும்புக்குப் போட்டால் அந்தப் பிள்ளை விரிதாளைப் புத்தகப் படத்தில் பார்த்துவிட்டுத்தான் பரீட்சை எழுதும்.

கம்பனி ஆதரவு தராத மெஷினுக்கு நாம்தான் ஆதரவு. லெப்டொப்பைக் கையளித்துப் படம் எடுப்பதோடு உதவி முடிந்துவிடுவதில்லை. பழைய மாணவர் சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு: லெப்டொப் வாங்கும் காசில் ஒரு பங்கை ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் ஒதுக்குங்கள். கொம்பியூட்டர் தெரிந்த இரண்டு இளைஞர்களைத் தவணைக்கு ஒரு நாள் அனுப்புங்கள். தரம் 10 பிள்ளைகள் பக்கத்திலிருந்து பழகட்டும், அடுத்த வருடம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டில் அலுமாரிக்கு மேல் பழைய லெப்டொப் கிடந்தால் வீசாமல் சொல்லுங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம்.