பொம்மையாக மறுத்த விதூஷகன்

ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் மில் தொழிலாளிக்கும், நாள் முழுதும் சேற்றில் நின்று நாற்று நட்டுக் கரையேறும் பெண்ணுக்கும் சிரிப்பு வேண்டும். சோறு போல, உறக்கம் போல அதுவும் உழைப்பாளியின் தேவைதான். ஆனால் சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். நம்மைச் சிரிக்க வைத்தவன் யார் பக்கம் நிற்கிறான்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஒரு மேடை உண்டு. அது ஒரு பொம்மலாட்ட மேடை.

1976 முதல் 1981 வரை 'தி மப்பெட் ஷோ' என்ற பொம்மை நிகழ்ச்சி டெலிவிஷனில் நடந்தது. மொத்தம் 120 காட்சிகள். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஜனங்கள் அதைப் பார்த்தார்கள். அதைப் படைத்தவர் ஜிம் ஹென்சன் என்ற அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவின் பெரிய டெலிவிஷன் கம்பெனிகள் பொம்மை என்றால் குழந்தைச் சரக்கு என்று கைவிரித்துவிட்டன. கடைசியில் லூ கிரேட் என்ற பிரிட்டிஷ் டெலிவிஷன் முதலாளிதான் இடம் கொடுத்தார். லண்டனுக்கு அருகே எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் அது தயாராயிற்று.

கதை மிக எளிது. ஒரு பழைய நாடகக் கொட்டகை. அதை நடத்துவது கெர்மிட் என்ற தவளை. நடிப்பவர்கள் மிஸ் பிக்கி என்ற பன்றி, யாரும் சிரிக்காத ஹாஸ்யம் பேசும் ஃபோஸி என்ற கரடி, இன்னும் பல பொம்மைகள். மேலே தனி மாடத்தில் ஸ்டாட்லர், வால்டார்ஃப் என்ற இரண்டு கிழவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு வேலை எதுவும் இல்லை. கீழே வேலை செய்பவர்களை நையாண்டி செய்வதே அவர்கள் தொழில். ஸ்கூட்டர் என்று ஒரு பையன் வருவான். கொட்டகையின் சொந்தக்காரர் அவனுடைய மாமா. ஆகவே அவன் சொல்லைத் தவளையால் தட்ட முடியாது! முதலாளியின் மருமகப்பிள்ளை சூப்பர்வைசராக வந்து நிற்பதைக் கண்ட தொழிலாளிக்கு இந்த ஹாஸ்யத்தை விளக்க வேண்டியதில்லை.

வாரம் ஒரு பிரபல நட்சத்திரம் இந்த மேடைக்கு விருந்தாளியாக வருவார். பீட்டர் செல்லர்ஸ், ஜான் கிளீஸ், ஸ்பைக் மில்லிகன், கரோல் பர்னெட் என்று ஹாஸ்ய நடிகர்கள் பலர் வந்தார்கள். பொம்மைகளுக்கு முன்னால் அந்தப் பெரிய பெயர்கள் எடுபடவில்லை. அமெரிக்க டெலிவிஷனின் ஆரம்ப காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர் மில்டன் பெர்ல். அவரையே மாடத்துக் கிழவர்கள் இருவரும் வாய் திறக்க விடாமல் மடக்கினார்கள். அந்தஸ்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தவர்களே அங்கே சோபித்தார்கள்.

அந்தப் பொம்மைகள் எப்படி ஆடின? மேடை முழுவதையும் ஆள் உயரத்திற்குத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே கலைஞர்கள் தலைக்கு மேல் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றார்கள். தங்கள் பொம்மை செய்வதைத் தாங்களே ஒரு சிறிய டெலிவிஷன் பெட்டியில் பார்த்துப் பார்த்து ஆட்டினார்கள். சில பொம்மைகளுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையையும் இடது கையையும் ஆட்ட, இன்னொருவர் வலது கையை ஆட்டுவார். பார்க்கிறவன் கண்ணுக்கு உழைக்கும் மனிதன் தெரியமாட்டான், சரக்கு மட்டுமே தெரியும். துணியைப் பார்க்கிறவன் நெய்தவனைப் பார்க்கிறானா?

இந்த உழைப்பாளிகளின் சத்தம் ஒருமுறை வெளியே கேட்டது. வழக்கமாக நிகழ்ச்சியில் கேட்கும் சிரிப்பு பின்னால் சேர்க்கப்பட்ட சிரிப்பு. ஸ்டீவ் மார்ட்டின் என்ற ஹாஸ்ய நடிகர் வந்த வாரத்தில் மட்டும், அன்றைய ஆட்டம் ரத்து, கொட்டகை காலி என்று கதை அமைந்தது. ஆகவே ரசிகர் சிரிப்பு சேர்க்கப்படவில்லை. அதில் கேட்பது ஸ்டூடியோவில் வேலை செய்தவர்களின் சொந்தச் சிரிப்பு. அவ்வளவு நிஜமான சிரிப்பு மற்ற வாரங்களில் இல்லை.

இனி நமது கேள்விக்கு வருவோம். இதே மேடைக்கு, நிகழ்ச்சியின் இரண்டாவது வருஷத்தில், இரண்டு ஹாஸ்ய நடிகர்கள் வந்தார்கள்.

ஒருவர் பாப் ஹோப். திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. 1964 முதல் 1972 வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வியத்நாம் சென்று அமெரிக்கச் சிப்பாய்களைச் சிரிக்க வைத்தவர். ஊர் விட்டு ஊர் வந்து சாகக் கிடந்த ஏழை வீட்டுப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்ததை நாம் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவர்களை அங்கே அனுப்பிய யுத்தத்தை அவர் பகிரங்கமாக ஆதரித்தார். குண்டு விழுந்த வியத்நாம் விவசாயியின் குடிசைக்கு அவருடைய ஹாஸ்யத்தில் இடமில்லை.

மற்றவர் ஜீரோ மாஸ்டெல். 1915-ல் நியூயார்க் நகரின் புரூக்ளினில் பிறந்தவர். ஓவியர். வெள்ளையரும் நீக்ரோக்களும் சமமாக உட்காரலாம் என்று கதவைத் திறந்து வைத்த 'கஃபே சொசைட்டி' என்ற கேளிக்கை விடுதியில் 1942-ல் ஹாஸ்ய மேடை ஏறியவர்.

பிறகு வந்தது கறுப்புப் பட்டியல் காலம். இடதுசாரி என்று சந்தேகம் விழுந்தால் போதும், சினிமாவிலும் டெலிவிஷனிலும் வேலை கிடையாது. மாஸ்டெலின் நண்பர் பிலிப் லோப், ஒத்திகை நாட்களுக்கும் சம்பளம் வேண்டும் என்று நடிகர் சங்கத்தில் போராடியவர். அவருடைய டெலிவிஷன் வேலையைப் பறித்தார்கள். 1955 செப்டம்பரில் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

அடுத்த மாதமே மாஸ்டெலை விசாரணைக்கு இழுத்தது, 'அமெரிக்க விரோத' நடவடிக்கைகளை விசாரிப்பதாகச் சொல்லிக்கொண்ட நாடாளுமன்றக் கமிட்டி. நண்பர்களின் பெயர்களைச் சொன்னால் பிழைப்பு திரும்பக் கிடைக்கும். சொன்னாரா? இல்லை! எந்த சினிமாக் கம்பெனி என்று கேட்டதற்கு, 'இருபதாம் நூற்றாண்டு' என்று பெயர் வைத்திருந்த அந்தக் கம்பெனியைப் 'பதினெட்டாம் நூற்றாண்டு' ஆக்கிக் கமிட்டியையே கேலி செய்தார். விளைவு, சினிமாவின் கதவு பல வருஷம் மூடிக் கிடந்தது.

ஆனால் நாடக மேடை அவரைக் கைவிடவில்லை. 1964-ல் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' நாடகத்தில் ஏழைப் பால்காரன் டெவ்யேவாக நின்றார். அதன் டைரக்டர் ஜெரோம் ராபின்ஸ், கமிட்டி முன் நண்பர்களின் பெயர்களைச் சொன்னவர். மாஸ்டெலுக்கு அந்த மனிதர் மீது வெறுப்பு இருந்தது. இருந்தும் அவரோடு வேலை செய்தார். பட்டியல் போட்டு ஒருவன் பிழைப்பைப் பறிப்பது இடதுசாரிகளின் வழக்கமல்ல என்பது அவர் நிலை. 1976-ல், லோப்பின் கதையை நினைவூட்டும் பாத்திரத்தில், 'தி ஃபிரண்ட்' சினிமாவில் நடித்தார். அதை எழுதியவரும் டைரக்ட் செய்தவரும்கூடக் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்களே.

அப்படிப்பட்டவர்தான் 1977-ல் பொம்மைகளோடு விளையாட வந்தார். தன் பயங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பயங்கள் பொம்மைகளாக வந்து அவரைச் சூழ்கின்றன. நிஜமான பயத்தைக் கமிட்டி முன் நேருக்கு நேர் பார்த்த மனிதன் அதைச் செய்கிறான் என்று தெரிந்து பார்த்தால், அந்த வேடிக்கைக்கு வேறு கனம் வந்துவிடுகிறது. காட்சி ஒளிபரப்பாகும் முன்பே, 1977 செப்டம்பர் 8-ல், 62-வது வயதில் அவர் காலமானார்.

இன்று அந்தப் பொம்மைகள் யார் சொத்து? 2004-ல் டிஸ்னி கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. அந்தக் கம்பெனியை நிறுவிய வால்ட் டிஸ்னி யார்? 1941-ல் சங்க உரிமை கேட்டுத் தன் ஸ்டூடியோவின் கார்ட்டூன் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எதிர்த்து நின்றவர். 1947-ல் அதே கமிட்டி முன் போய், அந்த வேலைநிறுத்தம் கம்யூனிஸ்டு வேலை என்று சாட்சி சொல்லி, பெயர்களும் கொடுத்தவர். பெயர் சொன்னவர் நிறுவிய கம்பெனியின் பெட்டகத்தில் இன்று பெயர் சொல்லாதவரின் சிரிப்பு கிடக்கிறது!

ஆனால் கம்பெனி படத்தை வாங்கலாம், அந்த மனிதனின் மௌனத்தை வாங்க முடியாது. பெயர் சொல், வேலை தருகிறேன் என்று மானேஜர் கூப்பிட்டுக் கேட்கும்போது வாய் திறக்காத ஒவ்வொரு தொழிலாளியும் மாஸ்டெலின் உறவினன்தான்.

பொம்மைக்குள் இன்னொருவன் கை இருக்கும். அந்தக் கை அசைந்தால்தான் அது வாய் திறக்கும். ஜீரோ மாஸ்டெல் பிழைப்புக்குக் கோமாளி வேஷம் போட்டவர். அவருக்குள் எந்த எஜமானனின் கையும் நுழைய முடியவில்லை. அப்படிப்பட்டவனின் ஹாஸ்யத்தைக் கேட்டு உழைப்பாளி மக்கள் மனம் விட்டுச் சிரிக்கலாம்.