ஆய்வு அரங்கில் எழ வேண்டிய கேள்வி

புனே விமான நிலையத்தை ஒட்டி அமைந்துள்ள விமான் நகரில் உயர்கல்வி வளாகங்கள் பெருகியுள்ளன. பல்கலைக்கழகங்களில் உயிர்மருத்துவ ஆய்வுரைகள் அறிவிக்கப்படும்போதெல்லாம் கண்டுபிடிப்பின் பெருமை பேசப்படுகிறது. அது யாருடைய பணத்தில் பிறந்தது, யாருக்குச் சொந்தமாகிறது என்ற கேள்வியோ அரங்கிற்கு வெளியே நிறுத்தப்படுகிறது. அக்கேள்வியை எழுப்ப புனேயின் அனுபவமே போதுமானது.

2021 ஜனவரி 12 அன்று கோவிஷீல்டு தடுப்பூசியின் முதல் தொகுப்பு இந்த விமான நிலையத்திலிருந்தே சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்குப் புறப்பட்டது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான அத்தடுப்பூசியின் ஆய்வுக்குப் பெருமளவில் உதவியது பொது நிதியே. ஆயினும், ஒன்றிய அரசு 150 ரூபாய்க்குப் பெற்ற அதே ஊசிக்கு, ஏப்ரல் மாதத்தில் மாநிலங்களுக்கு 400 ரூபாய், தனியார் மருத்துவமனைகளுக்கு 600 ரூபாய் என சீரம் நிறுவனம் விலை அறிவித்தது. கடும் எதிர்ப்புக்குப் பின்னரே மாநிலங்களுக்கான விலை 300 ஆகக் குறைந்தது.

கோவாக்சினின் கதையும் இதுவே. புனேயில் 1952இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான தேசிய வைராலஜி நிறுவனமே அதற்கான வைரஸைப் பிரித்தெடுத்து அளித்தது. மூன்றாம் கட்டப் பரிசோதனைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 35 கோடி ரூபாய் செலவிட்டது. ஆனால் பாரத் பயோடெக்கின் காப்புரிமை விண்ணப்பத்தில் கவுன்சிலின் பெயர் இடம்பெறவில்லை. இது வெளிச்சத்திற்கு வந்தபின், 2024இல்தான் அதனை இணை உரிமையாளராகச் சேர்க்க நிறுவனம் முன்வந்தது.

பொதுத்துறை உற்பத்தி பலவீனப்படுத்தப்பட்டதன் விளைவு இது. குன்னூர் பாஸ்டியர் நிறுவனம், கிண்டி பிசிஜி ஆய்வகம் ஆகியவற்றின் உற்பத்தி உரிமங்கள் 2008இல் முடக்கப்பட்டன. பொதுப்பணத்தில் எழுப்பப்பட்ட செங்கல்பட்டு தடுப்பூசி வளாகம், 2021இல் மக்கள் மூச்சுக்காற்றுக்குத் தவித்தபோதும் இயங்காமல் கிடந்தது.

அறிவியலை எதிர்ப்பதல்ல, அறிவியலை மக்களுடைமையாக்குவதே நமது நிலைபாடு. பொது நிதியில் நடைபெறும் ஆய்வின் காப்புரிமை பொதுவுடைமையாக இருக்க வேண்டும். அரசு ஆய்வகங்கள் தனியாருடன் செய்யும் ஒப்பந்தங்கள் முழுமையாக வெளியிடப்பட வேண்டும். பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்கள் முழு வலிமையுடன் இயக்கப்பட வேண்டும். ஆய்வுரை அரங்குகளில் அமரும் மாணவர்களும் ஆசிரியர்களும் இக்கோரிக்கைகளை அங்கேயே எழுப்பட்டும். அவர்களோடு தொழிலாளி வர்க்கமும் துணை நிற்கும்போதுதான் ஆய்வகத்தின் கதவு மக்களுக்காகத் திறக்கும்.