வரிக்கு ஒரு கார், வழிக்கு ஒரு கார்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் ஆகிய மூன்று ஊர்களையும் கோடிட்டு இணைத்தால் உண்டாகிற முக்கோணத்துக்குள்ளிருந்தும் அதன் ஓரங்களிலிருந்தும் கடந்த முப்பது ஆண்டுகளில் புறப்பட்டுச் சென்ற கார்களுக்கு அளவில்லை. ஆயினும் அவற்றைச் செய்கிற தொழிற்சாலைகளில் உத்தியோகம் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் விடியற்காலையில் தெருமுனையில் நின்று, கம்பெனி பஸ்ஸில் ஏறி, பாதித் தூக்கத்தோடு வேலைக்குப் போகிறவர்களே. இவர்களில் ஒருவருக்கு மேனேஜர் பதவி கிடைக்கிறபோது, சம்பளத்தின் ஒரு பகுதியைப் பணமாக வாங்காமல் காராக வாங்கிக்கொள்ளலாம் என்று கம்பெனி ஒரு சலுகையை நீட்டுகிறது. கம்பெனியோ, அது ஏற்பாடு செய்கிற லீஸ் நிறுவனமோ காரை வாங்கும். மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு மாதத் தவணை சம்பளத்தில் கழியும். வருமான வரியில் கணிசமான அனுகூலம் உண்டு. இந்தச் சலுகையோடு ஒரு மனக்கிலேசமும் சேர்ந்தே வருகிறது என்பதை, மறைமலை நகரின் என்.எச். இரண்டு குடியிருப்புப் பகுதியில் எங்கள் தெருவில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் 2025 தீபாவளிக்குப் பிறகு மடிக்கணினியும் கையுமாக வீட்டுக்கு வந்தபோதுதான் நான் உணர்ந்தேன்.

உதிரிப்பாகக் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர் அவர். பதினான்கு கார்களின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் விலை, வரி, மைலேஜ், தவணை என்று கட்டம் கட்டி வைத்திருந்தார். "சார், ஒண்ணு புள்ளி ஆறு லிட்டருக்கு மேல போனா டாக்ஸ் ஏறிடுமாம். அதனால பெரிய இஞ்சின் எல்லாத்தையும் அடிச்சிட்டேன்," என்றார். எவ்வளவு ஏறும் என்று கேட்டேன். அதை அவர் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட காரியங்களில் பயம் முன்னே வருவதும் கணக்குப் பின்னே வருவதும் நம்மவரிடம் சகஜம். அப்போது அமலில் இருந்த 1962-ஆம் ஆண்டின் வருமான வரி விதிகளில் மூன்றாவது விதி இவ்விஷயத்தை நிர்ணயித்தது. கம்பெனி கொடுத்த கார் அலுவலுக்கும் சொந்தக் காரியத்துக்கும் கலந்து பயன்பட்டு, ஓட்டுகிற செலவையும் கம்பெனியே ஏற்குமானால், இஞ்சின் 1.6 லிட்டருக்குள் இருந்தால் மாதம் 1,800 ரூபாயும், அதற்கு மேற்பட்டால் 2,400 ரூபாயும், டிரைவர் இருந்தால் இன்னொரு 900 ரூபாயும் சம்பளத்தோடு சேர்த்து வரி போடப்பட்டது. அந்தத் தொகை முழுவதும் வரியன்று, அதன்மீதுதான் வரி. முப்பது சதவீத அடுக்கில் உள்ளவருக்கு, நான்கு சதவீத மேல்தீர்வையையும் கூட்டினால், சிறிய இஞ்சினுக்கு மாதம் சுமார் 562 ரூபாயும் பெரிய இஞ்சினுக்கு 749 ரூபாயும் ஆயிற்று. வித்தியாசம் 187 ரூபாய். நான்கு ஆண்டு லீஸ் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தாலும் ஒன்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவுதான். இந்த ஒன்பதாயிரத்துக்காக அவர் ஐந்து கார்களைப் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார்!

2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வருகையில் இத்தொகைகள் மாறவும் கூடும் என்ற நிலை அப்போது இருந்தது. எனினும் அந்த விதியில் நான் ரசித்த விசேஷம் ஒன்று உண்டு. மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கிவரும் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் பூட்டப்படுகிற எக்ஸ்1 காரின் பெட்ரோல் இஞ்சின் 1,499 கன சென்டிமீட்டர்; மூன்றே சிலிண்டர். ஆகவே அதைக் கம்பெனிக் காராகப் பெற்ற பெரிய உத்தியோகஸ்தருக்கும், சந்தையிலேயே மிகச் சிறிய காரைப் பெற்ற இளநிலை மேனேஜருக்கும் விதி சமமாக 1,800 ரூபாயையே விதித்தது. அதே சமயம், அதன் விலையில் பாதிகூட இல்லாத ஸ்கார்பியோவுக்கு, இஞ்சின் பெரிது என்ற ஒரே குற்றத்துக்காக 2,400 ரூபாய். மின்சாரக் காருக்கோ இஞ்சினே இல்லை. இல்லாத இஞ்சினின் கன அளவை எந்த அதிகாரி அளப்பார்?

மற்ற தேசங்கள் வேறுவிதமாக யோசித்திருக்கின்றன. ஜெர்மனியில் காரின் பட்டியல் விலையில் மாதம் ஒரு சதவீதத்தை வருமானமாகக் கொள்வது பொது வழக்கம். இங்கிலாந்தில் 2002-ஆம் ஆண்டு முதல் புகைக்குழாயிலிருந்து வரும் கரியமில வாயுவின் அளவை வைத்து வரி போடுகிறார்கள். அதற்கு முன் அங்கே இருந்த ஏற்பாடு இன்னும் வேடிக்கையானது: அலுவல் நிமித்தம் ஆண்டுக்கு 18,000 மைலைத் தாண்டி ஓட்டியவருக்கு வரி குறையும். ஆகவே நிதியாண்டு முடிகிற சமயத்தில், அந்த எண்ணை எட்டுவதற்காகவே வேலையில்லாத ஊர்களுக்கு வேலையிருப்பதாகச் சொல்லிக்கொண்டு காரை விரட்டிய கனவான்கள் அந்நாட்டில் இருந்தார்கள். எதை அளந்து வரி போடுகிறோமோ, ஜனங்கள் அதற்கேற்பத் தங்கள் வாழ்க்கையை நெளித்துக்கொள்வார்கள் என்பதில் ஆங்கிலேயனுக்கும் நமக்கும் பேதமில்லை.

நம் இளைஞர் அஞ்ச வேண்டிய படுகுழி 1.6 லிட்டரில் இல்லை. அது வேறோரிடத்தில் இருக்கிறது. இந்தச் சொற்பத் தொகை, கார் அலுவலுக்கும் ஓரளவேனும் பயன்பட்டால்தான். முழுவதும் சொந்த உபயோகத்துக்கே என்று ஆகிவிட்டால், ஓட்டுச் செலவு அத்தனையும், அதன்மேல் காரின் விலையில் ஆண்டுக்குப் பத்து சதவீதம் தேய்மானமும் சம்பளத்தில் ஏறிவிடும். 12 லட்ச ரூபாய்க் காருக்குத் தேய்மானம் மட்டுமே 1,20,000 ரூபாய். கலப்பு உபயோகத்துக்கான 1,800 ரூபாயோ ஆண்டுக்கு 21,600தான். வல்லம் வடகாலிலும் பிள்ளைப்பாக்கத்திலும் சரக்குக் கொடுக்கிறவர்களின் பட்டறைகளுக்குப் போய்வருவது இவருடைய வேலையின் பகுதியாகையால் இவருக்கு அந்தக் கவலையில்லை. கவலைப்பட வேண்டியது இன்னொன்று: இந்தத் தடத்தில் இளைஞர்கள் ஒரு கம்பெனியை விட்டு எதிர்ச்சாரியில் இருக்கிற கம்பெனிக்குத் தாவுவது மிகச் சாதாரணம். லீஸ் முடியுமுன் விலகினால், மிச்சத் தவணையைத் தீர்த்துக் காரை எடுத்துக்கொள்ளும் பாரம் தன் தலையில் விழுமா என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது விவேகமன்று.

உண்மையில் பணத்தைக் கரைக்கிற வரிகள், கார் நம் வாசலுக்கு வருமுன்பே வசூலாகிவிடுகின்றன. 2006-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், நான்கு மீட்டர் நீளத்துக்கும், பெட்ரோலானால் 1,200 கன சென்டிமீட்டருக்கும், டீசலானால் 1,500-க்கும் உட்பட்ட கார்களுக்கு நிதியமைச்சர் ப. சிதம்பரம் கலால் தீர்வையை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். அன்று கிழிக்கப்பட்ட அந்தக் கோடு இன்றும் அழியவில்லை; 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி அமலுக்கு வந்த திருத்தத்தில் கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40 சதவீதம், மின்சாரக் காருக்கு 5 சதவீதம் என்று ஜி.எஸ்.டி. நிற்கிறது. சரக்குக்குக் கட்டிய வரியை வியாபாரிகள் திரும்ப எடுத்துக்கொள்கிறாற்போல, சாதாரணக் கம்பெனி ஒன்று காருக்குக் கட்டிய வரியை எடுத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே அவ்வளவும் தவணையில்தான் வந்து உட்காருகிறது.

இதற்கு மேல் தமிழ்நாட்டின் சாலை வரி. 2023 நவம்பர் முதல், ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம். பத்து லட்சத்தைத் தாண்டி இருபது வரை 18. அதற்கும் மேலே 20. பத்து லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைந்த காருக்கும் ஆயிரம் ரூபாய் கூடிய காருக்கும் சாலை வரியில் ஐம்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது. 187 ரூபாய்க்காகத் தூக்கமிழந்தவர் இந்தப் படியைக் கவனிக்கவே இல்லை. மின்சாரக் காருக்கு 2025 டிசம்பர் முடிய இந்த வரி முழுவதும் விலக்கு என்று இருந்தது.

நான்கு மீட்டர் என்ற நீளக் கோடு எத்தகைய சிற்பி என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. இங்கே 2013 முதல் செய்யப்பட்ட ஃபோர்டு எக்கோஸ்போர்ட், உயரமும் மிடுக்கும் பொருந்திய கார். ஆனால் நீளம் நான்கு மீட்டருக்குள் மயிரிழையில் அடங்கும். அதில் 999 கன சென்டிமீட்டர் அளவே உள்ள டர்போ இஞ்சினைப் பொருத்தி 125 குதிரைச் சக்தியை எடுத்தார்கள். வரித்துறை கட்டிய சிறைக்குள் ஒரு பொறியாளன் எவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதற்கும் முன்னால், 1999-இல் வந்த ஐகானும், 2005-இல் வந்த ஃபியஸ்டாவும் இதே மறைமலை நகர் ஆலையில் பிறந்தவை. இரண்டிலும் கிடைத்த பெட்ரோல் இஞ்சின்களில் பெரியது 1,600-ஐத் தொட்டும் தொடாமலும் நின்றது, ஃபியஸ்டாவினுடையது 1,596. அந்தக் கார்களின் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடுகிறார்கள். தார் சொரசொரப்பாக இருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்பதைச் சக்கரம் கைக்குச் சொல்லும். திருப்பத்தில் வண்டி கையை மீறாது. கியர் தன் பள்ளத்தில் சென்று விழுவதில் ஓர் ஒழுங்கு இருக்கும். அவை சிக்கனத்துக்குப் பேர்போனவையல்ல, பழுது பார்க்கும் செலவும் அதிகமென்று அபவாதமுண்டு. ஆனால் ஓட்டுகிறவனை ஒரு சுமையாக எண்ணாத கார்கள். 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியேறிய பிறகு ஆலையின் பெரிய வாயில் மூடியே கிடந்தது. இஞ்சின்கள் செய்வதற்காக 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் மறுபடி திறப்பதாக 2025 அக்டோபரில் அரசோடு ஒப்பந்தமாயிற்று. இஞ்சின் வரட்டும், வேலை வரட்டும். ஆனால் அந்த ஸ்டீயரிங் வராது.

மைலேஜைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அச்சிட்ட எண் சோதனைக் கூடத்தில் எடுத்தது; சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வண்டலூர் வரை மாலை ஆறு மணிக்கு ஊர்ந்தால் அது எந்தக் காரிலும் கிடைக்காது. கம்பெனி பெட்ரோலுக்குப் பணம் தருகிறது என்பதும் பாதி மாயைதான். அதுவும் நம் மொத்தச் சம்பளத்திலிருந்தே பிரித்து வைத்த பணம். தினந்தோறும் இன்ன தூரம் என்று ஏறக்குறைய நிச்சயமாயிருந்து, வீட்டில் கார் நிறுத்தி மின்னேற்ற இடமும் இருப்பவருக்கு மின்சாரக் காரே லாபம் என்பது என் அபிப்பிராயம். 2025 தொடக்கத்திலிருந்து கிரெட்டா காரின் மின்சார வடிவமே ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வருகிறது. நம் இளைஞர் இருப்பதோ மாடிப் போர்ஷன். கீழே உள்ள மீட்டர் வீட்டுக்காரருடையது.

இனி, அவருடைய அட்டவணையில் இடமே பெறாத விஷயத்துக்கு வருவோம். ஓட்டுகிற சுகம் என்றதும் வேகம் என்று நினைக்கிறார்கள். வேகத்துக்கென்று இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயப் பாதை இருக்கிறது, கிராண்ட் சதர்ன் டிரங்க் என்ற ஜி.எஸ்.டி. சாலையிலோ, கன்டெய்னர் லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவில் வேகத்துக்கு இடமேது? அங்கே சுகம் என்பது இஞ்சின் தாழ்ந்த சுழற்சியிலேயே தயங்காமல் இழுப்பது, பிரேக் காலுக்குக் கீழே பதமாக இறங்குவது, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தும் இடுப்பு முறையிடாமலிருப்பது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் போகிற பாதையில், ஏரிக்கரையும் வயலும் மாறிமாறி வரும் வளைவுகளில், மற்றைய குணங்கள் தெரியவரும். பரனூர் சுங்கச்சாவடி வரைக்கும் நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காரை முடிவு செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. இந்தச் சுகத்தை எந்த அரசாங்கமும் இன்னும் அளக்கவில்லை; அதனால் அதற்கு வரியும் இல்லை. வரியில்லாமல் கிடைக்கிற ஒரே சரக்கை நாம் கேட்டுக்கூட வாங்குவதில்லை.

"அப்போ 'மேனுவல்' எடுக்கலாம்தானே சார்? ஓட்டறதுக்கு அதுதான் நல்லாயிருக்கும்," என்று அவர் உற்சாகமாகக் கேட்டார். எல்லா நாளும் அவரே ஓட்டுவாரா என்று விசாரித்தேன். பட்டறைகளுக்குப் போகிற நாட்களில் எடுத்துப் போவாராம். மற்ற நாட்களில் வழக்கம்போல் கம்பெனி பஸ். செங்கல்பட்டில் ஆசிரியையாக இருக்கும் மனைவி அன்றெல்லாம் பள்ளிக்கு எடுத்துச் செல்வார். அவரிடம் கேட்டாயிற்றா என்றேன். இல்லை.

அடுத்த ஞாயிறு இருவருமாகத் திருக்கழுக்குன்றம் வரை இரண்டு கார்களை ஓட்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்து அந்த அம்மாள் சொன்னது சுருக்கமானது: "ஜி.எஸ்.டி. ரோட்டுல வாரத்துல மூணு நாள் கிளட்ச் மிதிக்கப்போறது என் கால் சார். எனக்கு ஆட்டோமேட்டிக்தான் வேணும். சீட்டை ஏத்தி வெக்கிற வசதியும் வேணும். முன்னாடி ஒண்ணுமே தெரியல." நான்கு மீட்டருக்குள் அடங்கிய, ஒரு லிட்டர் டர்போ இஞ்சின் கொண்ட காரே அவற்றில் இருவருக்கும் பிடித்தது. அதன் கிளட்ச் மிதிக்கும் வகை பத்து லட்சத்துக்குள் இருந்தது, கியர் தானே மாறும் வகை அதைத் தாண்டிவிட்டது. சாலை வரிப் படியின் ஐம்பதாயிரத்தைக் கணவர் எடுத்துக் காட்டினார். தவணையாகப் பிரித்தால் மாதம் ஆயிரத்துச் சொச்சம் என்று மனைவி கைப்பேசியிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த வகைக்கே கம்பெனியில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். லீஸ் ஒப்பந்தத்தை, விலகினால் என்ன என்ற பக்கத்தை மடித்து வைத்து, எனக்கும் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.