பொட்டலம் விழுங்கிய விமானம்

புதுக் கைப்பை வாங்கினால் உள்ளே ஒரு சின்னப் பொட்டலம் கிடக்குமே, பார்த்திருப்பீர்கள். மாத்திரைப் புட்டியிலும் இருக்கும். வெள்ளைக் காகிதத்துக்குள்ளே ஜவ்வரிசி மாதிரி மணிகள். மேலே "சாப்பிடாதே" என்று ஓர் எச்சரிக்கை. சிலிகா ஜெல் என்று பெயர். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது அதன் வேலை. குழந்தை வாயில் போட்டுக்கொண்டு விடப்போகிறதே என்று நாம் முதல் காரியமாக அதை எடுத்துக் குப்பையில் எறிந்துவிடுகிறோம்.

2012-ஆம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி, இங்கிலாந்தில் டான்காஸ்டர் விமான நிலையத்தில், இந்தச் சரக்கு அடைத்த பைகளை எடுக்க மறந்துவிட்டார்கள். ஈரம் தாக்காமலிருக்க வைத்த பைகள், விமானத்தின் காற்று போகும் வழியிலேயே தங்கிவிட்டன. விமானம் ஓடுபாதையில் கிளம்பியதும் ஓர் எஞ்சின் அவற்றை உறிஞ்சி விழுங்கியது. அது உடைந்து, உடைந்த துண்டுகளைப் பக்கத்து எஞ்சினும் விழுங்கி, நிமிஷத்தில் இரண்டும் பாழ்! தரையை விட்டு எழும்புமுன் நிறுத்திவிட்டதால் ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் பணம் கொடுத்தாலும் கடையில் கிடைக்கிற எஞ்சின்களா அவை? அந்த ரகத்தைத் தயாரிப்பதை விட்டு எத்தனையோ வருஷமாயிற்று.

இத்தனைக்கும் அந்த விமானம் எந்தச் சர்க்காருக்கும் சொந்தமல்ல. ஊரார் போட்ட சந்தாவில் பறந்துகொண்டிருந்த விமானம்.

அதன் பெயர் வல்கன். எண், எக்ஸ்.எச். 558. இரண்டாம் உலக யுத்தத்தில் பெயர் பெற்ற லங்காஸ்டர் விமானத்தை அமைத்த ராய் சாட்விக்தான் இதற்கும் முதல் கோடு போட்டவர். 1947-இல் வேறொரு விமானத்தைச் சோதித்துப் பார்க்கும்போது விபத்தில் மாண்டார். தாம் போட்ட கோடு 1952-இல் வானத்தில் ஏறியதை அவர் பார்க்கவில்லை. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 111 அடி. வால் பக்கத்துச் சின்ன இறக்கைகள் கிடையாது. தரையிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய முக்கோணம், விளக்கைச் சுற்றும் விட்டில் மாதிரி இருக்கும். நான்கு எஞ்சின்களையும் முடுக்கினால் காற்று உள்ளே பாய்கிறபோது ஊளையிடுவது போல் ஒரு சத்தம். அந்த ஊளையைக் கேட்பதற்கென்றே ஜனங்கள் மைல் கணக்கில் வந்து வயல் வரப்புகளில் நின்றார்கள்.

எதற்காகச் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அணுகுண்டு போடுவதற்காக! குண்டு வெடிக்கிற வெளிச்சம் தன்னையே பொசுக்கிவிடக் கூடாது என்று இந்த விமானங்களுக்கு ஒரு காலத்தில் வெள்ளை வெளேரென்று வர்ணம் அடித்திருந்தார்கள். உள்ளே ஐந்து பேர். ஆபத்து வந்தால் ஆளோடு வெளியே எகிறிப் பாயும் நாற்காலி, ஓட்டுகிற இரண்டு பேருக்கு மட்டும்தான். பின்னால் திரும்பி உட்கார்ந்திருக்கும் மற்ற மூவரும் கதவைத் திறந்து குதிக்க வேண்டியதுதான். அந்த மூவரின் வீடுகளில் ஒவ்வொரு இரவும் எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நம் கதாநாயகி முதல் முதலாகப் பறந்தது 1960 மே மாதம். அணுகுண்டைச் சுமக்கத் தயாராக நின்றது. கடலை வேவு பார்த்தது. 1982-இல் மற்ற விமானங்களுக்கு ஆகாயத்திலேயே எண்ணெய் ஊட்டும் தாயாகவும் மாறியது. போரில் ஒரு குண்டுகூடப் போட்டதில்லை. பிறகு கண்காட்சிகளில் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தது. பராமரிக்கக் கட்டுப்படியாகவில்லை என்று சர்க்கார் விற்றுவிட்டது. 1993 மார்ச்சில் புருன்டிங்தார்ப் என்ற கிராமத்து விமானத் தளத்துக்குப் பறந்து போனபோது, குண்டு வைக்கும் அறைக் கதவின் உட்புறத்தில் "போய் வருகிறேன்" என்று எழுதியிருந்ததாம். வாங்கியவர்கள் ஒரு வியாபாரக் குடும்பத்தார். விமானத்தோடு மலை மலையாய் உதிரிச் சாமான்களையும் சேர்த்து வாங்கினார்களே, அதுதான் சாமர்த்தியம்.

அதை மறுபடி பறக்கவிட வேண்டும் என்று புறப்பட்டவர் டாக்டர் ராபர்ட் பிளெமிங். கம்ப்யூட்டர் துறையில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். எண்ணெய் ஊற்றிக் கிளப்பிவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. சிறிய பழைய ஜெட் விமானம் என்றால் நான்கு ஆர்வக்காரர்கள் சேர்ந்து பறக்கவிடலாம். இத்தனை பெரிய யந்திரத்துக்கு, செய்த கம்பெனியின் வாரிசுகளே பொறுப்பேற்றால்தான் அனுமதி என்றது பிரிட்டிஷ் விமானத் துறை. லாட்டரி நிதிக்காரர்கள் முதலில் கையை விரித்தார்கள். பிறகு மனமிரங்கி 27 லட்சம் பவுன் தந்தார்கள். 2005-இல் வேலை மும்முரமாய்த் தொடங்கியது. விமானத்தைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்று கருவிகளால் சோதித்தார்கள். வீட்டில் பழைய தையல் மெஷினைப் பிரித்தவர்களுக்குத் தெரியும்: பிரிக்கப் பிரிக்கத்தான் செலவு தலை காட்டும். இந்தப் பாகத்தைச் செய்த கம்பெனி மூடிப் போயிருக்கும். அந்த வேலை தெரிந்த மனிதர் பென்ஷன் வாங்கிக்கொண்டு தோட்டம் போட்டுக்கொண்டிருப்பார். தேடிப் பிடித்து அழைத்து வர வேண்டும்.

2006 ஆகஸ்டில் பணம் தீர்ந்தது. வேலைக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தாயிற்று. மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜனங்கள் ஐந்தும் பத்துமாக அனுப்பினார்கள், போதவில்லை. கெடு முடிகிற தறுவாயில் சர் ஜாக் ஹேவர்டு என்ற தனவந்தர் ஐந்து லட்சம் பவுன் கொடுத்தார். 2007 அக்டோபர் 18-ந் தேதி, பதினான்கு வருஷத்துக்குப் பிறகு, விமானம் மேலே ஏறி 34 நிமிஷம் பறந்தது. அதுவரை ஆன செலவு ஏறக்குறைய 70 லட்சம் பவுன்.

இதை என் அத்தையிடம் சொன்னேன். "ஏண்டா, அணுகுண்டு போடச் செய்த விமானத்துக்கா இத்தனை சீராட்டு? அந்தப் பணத்தில் ஒரு ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாமே" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இன்றைக்கும் முழுப் பதில் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் குண்டை நினைத்துக் கண் கலங்கியவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அதில் தட்டாராக, தச்சராக, எலக்ட்ரீஷியனாக வேலை செய்த தகப்பனாரையும், வீடு திரும்பாத இரவுகளையும் நினைத்தவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். புதுப்பித்த விமானத்தை ஓட்டிய விமானிகளில் ஒருவர் மார்ட்டின் விதர்ஸ். 1982 ஃபாக்லந்துப் போரில் இன்னொரு வல்கனில் 16 மணி நேரம், எண்ணாயிரம் மைல் போய்வந்து 21 குண்டு போட்டாரே, அவர்தான். போருக்குப் போன அதே கை, பிற்பாடு குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டியது.

பொட்டலம் விழுங்கிய கதைக்கு வருகிறேன். கையிருப்பிலிருந்த எஞ்சின்களைப் பொருத்தி, 2012 ஜூலை மூன்றாம் தேதியே மறுபடி பறந்துவிட்டார்கள். அதையெல்லாம் சமாளித்தவர்களுக்கு 2015-இல் வேறு வழியில் முடிவு வந்தது. உடைந்துபோய் நிற்கவில்லை, பணமில்லாமல் நிற்கவில்லை. பொறுப்பேற்றிருந்த மூன்று கம்பெனிகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டன: விமானத்துக்கு வயதாகிவிட்டது, வேறெந்த வல்கனும் பறக்காத அளவு பறந்தாயிற்று, அதன் நாடி பார்க்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள், இனி நாங்கள் கையெழுத்துப் போட முடியாது. ரசிகர்களுக்கு மகா கோபம். எனக்கென்னவோ கம்பெனிக்காரர்கள் பேரில் கோபம் வரவில்லை. கூட்டத்தின் தலைக்கு மேலே பறக்கிற சாமான் அது.

2015 அக்டோபர் 28-ந் தேதி கடைசியாக ஒரு சின்னச் சுற்று பறந்து, டான்காஸ்டரில் இறங்கியது.

"இப்போ அதை எங்கே வைத்திருக்கிறார்கள்?" என்று அத்தை கேட்டாள். இத்தனை நேரம் ஆஸ்பத்திரி பேசியவள்!

2017-இல் கொட்டகையை விட்டு வெளியே கொண்டுவந்து திறந்த வெளியில் நிறுத்தினார்கள் என்றேன். புதுக் கொட்டகை கட்ட வசூல் செய்தார்கள். போதிய பணம் சேரவில்லை. பிளெமிங் 2021-இல் காலமானார். 2022 நவம்பரில் விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள்.

"மழையிலேயா?" என்றாள் அத்தை.