அளவையை அளப்பவர்

ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா ஓடாதா என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது. நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி என்ற தகவல் வந்ததும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது, பரிசல்கள் கரையேறுகின்றன. அந்த எண் பிறப்பது ஆற்றின் மேற்பகுதியில், மத்திய நீர்வள ஆணையத்தின் பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என வரையறுத்ததும் அங்கே அளக்கப்படும் நீரைத்தான். இரு மாநிலங்களின் வழக்கு, டெல்டா உழவரின் குறுவை, பரிசலோட்டியின் அன்றைய வருமானம் ஆகிய மூன்றும் அந்த ஓர் அளவைச் சார்ந்து நிற்கின்றன.

நீரோட்டத்தின் வேகத்தை அளக்கச் சுழலும் சிறு கிண்ணங்கள் கொண்ட கருவி பரவலாகப் பயன்படுகிறது. அது தேயும், அதில் வண்டல் படியும். ஆகவே அத்தகைய கருவியை அசையாத நீர் நிரம்பிய நீண்ட தொட்டியில், தெரிந்த வேகத்தில் இழுத்துச் சரிபார்ப்பார்கள். புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தப் பணி நடைபெறுகிறது. காவிரியைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கும் நாம், அந்தத் தொட்டியருகே நிற்பவரைப் பற்றி எழுதியதாக நினைவில்லை.

அவருடைய வேலையின் கனத்தை உணர, நதியிலிருந்து சற்று வானத்துக்குச் செல்வோம். அங்கே பிழையின் விளைவு உடனே தெரிந்துவிடுகிறது.

தரையிலுள்ள இரண்டாம் நிலை ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விமானத்தை நோக்கி “நீ யார்? எந்த உயரத்தில் இருக்கிறாய்?” என்று கேட்கிறது. விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் விடை தருகிறது. அடையாளம் நான்கு இலக்க எண். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரை. ஆக மொத்தம் 4096 எண்கள். இரண்டாம் உலகப் போரில், வருவது நண்பனா பகைவனா என்று அறியப் பிறந்த உத்தி இது. விமானங்களின் மோதல் தவிர்ப்புக் கருவியும் அண்டை விமானத்தின் டிரான்ஸ்பாண்டரைக் கேட்டே இயங்குகிறது. விடை சொல்லாத விமானம் அதன் கணக்கில் வானத்திலேயே இல்லை.

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி அரேபிய விமானம் ஒன்றும் கஜகஸ்தான் விமானம் ஒன்றும் மோதி, இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். கஜகஸ்தான் விமானம் தனக்கு ஒதுக்கப்பட்ட 15,000 அடியை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. அன்று தில்லிக் கட்டுப்பாட்டாளரின் முன்னிருந்த ரேடார் உயரத்தைக் காட்டாது. விமானிகள் வானொலியில் சொன்னதை மட்டுமே அவர் நம்ப வேண்டியிருந்தது. இதன் பின்னரே இந்தியாவில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாயிற்று. ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலின் அமேசான் காட்டின்மேல் ஒரு சிறிய ஜெட் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் ஒலிபரப்பவில்லை. எதிரே வந்த போயிங் 737 விமானத்துக்கு எச்சரிக்கையே கிடைக்கவில்லை. அதிலிருந்த 154 பேரும் இறந்தனர்.

டிரான்ஸ்பாண்டர் சரியாகப் பேசுகிறதா என்று பார்க்கும் சோதனைக் கருவி, தரை ரேடாரைப் போல வேடம் போடும் ஒரு பெட்டி. 8 மைக்ரோ விநாடி இடைவெளியில் இரு துடிப்புகளை அனுப்பினால் அது அடையாளத்தைக் கேட்கிறது. 21 மைக்ரோ விநாடி என்றால் உயரத்தைக் கேட்கிறது. வரும் விடையின் முதல் துடிப்புக்கும் கடைசிச் சட்டகத் துடிப்புக்கும் இடையே 20.3 மைக்ரோ விநாடி இருக்கிறதா, அலைவரிசை விலகாமல் இருக்கிறதா, ஆற்றல் போதுமா என்று பார்க்கிறது. பின்பு தன் குரலைப் படிப்படியாகத் தாழ்த்தி, எவ்வளவு மெல்லிய கேள்வி வரை விடை வருகிறது என்று அறிகிறது. ரேடாரின் பக்கவாட்டுக் கதிரிலிருந்து வரும் கேள்விக்கு டிரான்ஸ்பாண்டர் மௌனம் காக்கிறதா என்பதும் சோதனையில் அடங்கும். இத்தகைய சோதனையை 24 மாதங்களுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பது அமெரிக்க விதி.

இந்தப் பெட்டியும் பொய் சொல்லும். பெட்டியையும் விமானத்தையும் இணைக்கும் கேபிளில் 3 டெசிபல் இழப்பு இருந்தால் பாதி ஆற்றல் வழியிலேயே போய்விடுகிறது. அந்த இழப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நல்ல டிரான்ஸ்பாண்டர் பழுதென்று கழற்றப்படும். இல்லாத இழப்பைச் சேர்த்துவிட்டாலோ பலவீனமானது தேர்ச்சி பெற்றுப் பறக்கும். எனவே இணைப்பு முனைகளைத் துடைப்பதும், கேபிளை மடக்காமல் சுருட்டி வைப்பதும், அதன் இழப்பை மீண்டும் அளந்து குறிப்பதும் அற்ப வேலைகள் அல்ல.

இன்னொரு விந்தை உண்டு. உயர விடையைச் சரிபார்க்க, நிற்கும் விமானத்தின் காற்றழுத்தக் குழாய்களில் பொய்யான அழுத்தத்தை ஏற்படுத்துவார்கள். விமானம் தரையில் நின்றபடியே பத்தாயிரம் அடியில் பறப்பதாக நம்பும். ஆண்டெனாவை உறையிட்டு மூடாவிட்டால் அந்தப் பொய் வெளியே பரவும். மேலே பறக்கும் உண்மையான விமானம் தன்னருகே ஒரு மாய விமானத்தைக் கண்டு விலகப் பார்க்கும். உண்மையைச் சோதிக்கும் செயலே பொய்யைப் பரப்பும் அபாயம் இது.

சோதனைக் கருவி குறித்த காலத்தில் அளவுத்திருத்த ஆய்வகத்துக்குச் செல்கிறது. அங்குள்ள நுட்பமான கருவி அதனினும் நுட்பமான ஒன்றோடு ஒப்பிடப்படுகிறது. இந்தியாவில் இந்தச் சங்கிலி புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் முடிகிறது. நமக்கு இது அந்நியமான சிந்தனையன்று. இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லின் அளவைச் சொல்லும்போது, ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்தது என்பதோடு, அம்மரக்கால் ‘இராசகேசரி’க்குச் சமமானது என்றும் கூறுகின்றன. அளவோடு அளவையின் தகுதியையும் கல்லில் வெட்டி, எல்லோரும் காணும் சுவரில் வைத்தார்கள்.

நாம் இன்று இழந்திருப்பது அந்தச் சுவரை. சரிபார்ப்பு நடக்கிறது, பதிவேட்டில் கையெழுத்தும் விழுகிறது. ஆனால் எண்ணை நம்பி வாழ்பவன் கண்ணுக்கு அது எட்டுவதில்லை. காய்கறிக் கடையின் தராசில்கூட முத்திரை பார்க்கலாம். பிலிகுண்டுலு நீர்வரத்தைச் சொல்லும் நாளிதழ்ச் செய்தியில் அந்த முத்திரைக்கு இணையான எதுவும் இல்லை. இத்தகைய விவரம் வல்லுநருக்கு மட்டுமே விளங்கும் என்பார்கள். கருவி கடைசியாக எந்தத் தேதியில், எங்கே சரிபார்க்கப்பட்டது என்பதைப் படிக்க வல்லுநர் தேவையில்லை.

நீர்வரத்து எண்ணோடு அந்த ஒரு தேதியும் நாள்தோறும் வெளிவர வேண்டும் என்பதே நமது கோரிக்கை. வானத்தில் நிகழும் பிழை ஒரு நொடியில் தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஆற்றில் நிகழும் பிழை ஆண்டுக்கணக்கில் வழக்காக, வெறுப்பாக, இரு கரைகளிலும் வதந்தியாக வளர்கிறது. எண்ணைச் சந்தேகிக்கும் மக்களிடம் மீண்டும் எண்ணையே உரத்துச் சொல்வதால் பயனில்லை. அளவையை அளந்தவரின் தேதியைச் சொன்னால், வாதாடுவதற்காவது ஒரு பொதுவான தரை கிடைக்கும்.