மண்டை உடைந்தால் மனிதன் தீர்ந்தானா?

1848-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ரயில் பாதைக்குப் பாறை உடைத்த இடத்தில் வெடிமருந்து திடீரெனப் பற்றியது. மருந்தை இடித்து இறுக்கும் 13 ராத்தல் இரும்புத் தடி, மேஸ்திரி பினியஸ் கேஜின் இடது கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே பறந்தது. ஆள் பிழைத்தார், குணம் மாறியது. பழைய கேஜே இல்லை என்றனர் சிநேகிதர்கள். அதுவரை புகழ்ந்த காண்டிராக்டர்கள் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை.

மனோதத்துவ நூல்கள் பலவும் இதோடு கதையை முடித்துவிடுகின்றன. மூளைதான் மனிதனாம்!

பிறகு அதே கேஜ் சிலி நாட்டில் பல வருஷம் குதிரைக் கோச்சு ஓட்டினாரே! குதிரைகள், பிரயாணிகள், பாதை எல்லாவற்றையும் ஒருங்கே கவனிக்கும் வேலை அது. அன்றாட உழைப்பின் ஒழுங்கே அவரை மீண்டும் மனிதராக நிறுத்தியது என்று இன்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். எங்களுக்கும் அதுவே சரியாகப் படுகிறது. தலையில் அடிபட்ட தொழிலாளிக்கு நஷ்டஈட்டோடு கணக்குத் தீர்க்காதே, செய்யக்கூடிய வேலையையும் கொடு என்று சங்கங்கள் கேட்க வேண்டும்.