ரவிக்கையில் ஒரு கறை

பெரம்பலூர் பக்கம் பருத்தி எடுக்கும் பெண்ணுக்கு முள் குத்தினால் வீடே அறியும். மார்புக் காம்பில் ரத்தம் கசிந்தால் ஒருவரும் அறியமாட்டார்கள். ரவிக்கையில் பட்ட கறையைத் துவைத்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போய்விடுவாள். காரணம், வெட்கம்!

காம்பில் கசிவதெல்லாம் புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் சாதாரணக் கோளாறுதான். ஆனால், பால் கொடுக்காத காலத்தில், பிதுக்காமலே, ஒரு மார்பில் மட்டும் ரத்தமாகவோ தண்ணீர் போலவோ கசிந்தால் டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும். கையில் கட்டி தென்படும் முன்பே புற்றுநோய் இப்படித் தலைகாட்டுவது உண்டு. வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. தொடக்கத்தில் இந்த நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. அப்போதே கண்டுபிடித்தால் குணப்படுத்துவது எளிது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. துயரத்தை மூடி வைக்காமல் ஊரறியப் பேசினார், பாடுபட்டார். 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது.

இன்று முதல் பரிசோதனைக்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை. பெரம்பலூரில் அரசு தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது.

குறை பெண்ணிடம் மட்டுமா? "எல்லாம் உடம்புச் சூடு" என்று தள்ளிவிடும் மாமியாரும், காது கொடுக்காத கணவனும் பொறுப்பாளிகளே. கறக்கும் பாலில் ரத்தம் கண்டால் அன்றே மாட்டை வைத்தியரிடம் ஓட்டிச் செல்கிறார்கள். வீட்டுப் பெண்ணுக்காக ஒரு நாள் ஒதுக்கக் கூடாதா?